இரு பாஷை உத்தியோகம்

2025-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், மதுரை ஹைகோர்ட்டுக் கிளையில் இரண்டு நீதிபதிகள் முன்னிலையில் ஓர் அப்பீல் விசாரணைக்கு வந்தது. தேனியில் மின்வாரிய ஆபீஸில் இளநிலை உதவியாளராக அமர்ந்த ஒருவர், வேலையில் சேர்ந்த இரண்டு வருஷத்துக்குள் தேற வேண்டிய தமிழ்ப் பரீட்சையில் தேறவில்லை என்று நீக்கப்பட்டிருந்தார். அவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்தாம். தகப்பனாரின் உத்தியோகம் காரணமாக வேறு பாடத் திட்டத்தில் படிக்க நேர்ந்தது, பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்கவில்லை என்பது அவர் கட்சி. முதலில் விசாரித்த தனி நீதிபதி அவரைத் திரும்பச் சேர்த்துக் கொள்ளும்படி உத்தரவிட்டார். மின்வாரியம் அதன் மேல் அப்பீல் செய்தது. அப்பீலைக் கேட்ட நீதிபதிகள், தமிழ் எழுதவும் படிக்கவும் தெரியாமல் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஆபீஸில் ஒருவர் எப்படி வேலை பார்க்க முடியும் என்று வினவினார்கள்.

செய்தி வெளியானதும் வீடுகளிலும் காப்பிக் கடைகளிலும் இரண்டு கட்சிகள் பிறந்து விட்டன. "நன்றாய்க் கேட்டார்கள்!" என்றார் சிலர். "ஐயோ பாவம், அந்தப் பிள்ளை என்ன செய்யும்? ஊர் ஊராய் மாற்றினால் எந்தப் பாஷையைத்தான் படிப்பது?" என்றார் சிலர். இரண்டாவது கட்சியில் தாய்மார்கள் அதிகம் என்பது நம் அனுபவம். டெல்லியிலும் பம்பாயிலும் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்குத்தானே இந்தச் சங்கடம் தெரியும்? அந்தத் தனி மனிதரின் வழக்கில் நாம் புகுவதற்கில்லை. ஆனால் வேலைக்கு வருகிறவனிடம், "நீ இன்ன பாஷை அறிந்திருக்க வேண்டும்" என்று முதலாளி கேட்பது எப்போது நியாயம், எப்போது அநியாயம் என்கிற விஷயம், தேனி ஜில்லாவில் ஒரு தினுசாயும், அதே மலைக்கு அந்தண்டை வேறு தினுசாயும் தோற்றமளிக்கிறது. அதைத்தான் இந்த வாரம் யோசிக்க நினைத்தோம்.

முதலில் மின்வாரிய ஆபீஸ் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற வயல்கள் உண்டு. பாயாத மேட்டு நிலங்களில் கிணற்று மோட்டார்கள் உண்டு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சைக் கொடிகள் அந்த மோட்டார்களை நம்பித்தான் படருகின்றன. சுருளிப்பட்டியிலிருந்தோ காமயகவுண்டன்பட்டியிலிருந்தோ ஒரு விவசாயி வருகிறார். கிணறு தகப்பனார் பெயரில் இருக்கிறது. தகப்பனார் காலமாகி விட்டார். இணைப்பைத் தம் பெயருக்கு மாற்ற வேண்டும். அண்ணன் தம்பி மூவர். ஒருவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில், தம் ஊர்ப் பேச்சில், கொஞ்சம் கோபத்தோடு சொல்லுவார். கையில் ஒரு மனு இருக்கும்; பக்கத்து வீட்டுப் பையன் எழுதிக் கொடுத்தது. அதைப் படித்து, என்ன குறைகிறது என்று சொல்லி, திரும்ப அனுப்பாமல் காரியத்தை முடித்துக் கொடுப்பது இளநிலை உதவியாளர் வேலை. அந்த மேஜைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் விவசாயி இரண்டாம் முறை பஸ் ஏற வேண்டும். மூன்றாம் முறையும் ஏற வேண்டியிருக்கலாம். உத்தியோகஸ்தரின் கஷ்டத்தைப் பற்றி வழக்குப் போட இடமிருக்கிறது. விவசாயியின் பஸ் கூலியைப் பற்றி எந்தக் கோர்ட்டில் அப்பீல் செய்வது?

ஆகையால் சர்க்கார் ஆபீஸில் தமிழ் வேண்டும் என்னும் விதியை நாம் முழு மனத்தோடு ஆதரிக்கிறோம். அந்த விதி வளர்ந்த விதமும் கவனிக்கத் தக்கது. 1956-இல் பாஷைவாரியாக மாகாணங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, மொழிச் சிறுபான்மையோருக்குப் பாதுகாப்புகள் வகுத்து இந்திய சர்க்கார் ஒரு குறிப்பு வெளியிட்டது. மாநில பாஷை தெரியவில்லை என்பதற்காக ஒருவனை வாசலிலேயே தடுக்கக் கூடாது, தேர்ந்தெடுத்த பிறகு, தகுதிகாண் காலம் முடிவதற்குள், பாஷைப் பரீட்சை வைத்துக் கொள்ளலாம் என்பது அதன் யோசனை. தமிழ்நாட்டின் 2016-ஆம் வருஷத்து அரசு ஊழியர் சட்டத்தில் உள்ள இரண்டு வருஷக் கெடு இந்த வம்சத்தைச் சேர்ந்தது. பிறகு 2021 டிசம்பரில் சர்க்கார் பரீட்சையை வாசலுக்கே கொண்டு வந்து விட்டது. சர்வீஸ் கமிஷன் முதலிய போட்டிப் பரீட்சைகளில் தமிழ்த் தாளில் நூற்றுக்கு நாற்பது வாங்காதவர்களின் மற்றத் தாள்களைத் திருத்துவதே இல்லை.

வாசலில் வைப்பதா, உள்ளே விட்டுக் கற்பிப்பதா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கே வைத்தாலும் பரீட்சை எதைச் சோதிக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. தபால் இலாகா நமக்கு இந்தப் பாடத்தை வேடிக்கையாகவே கற்பித்தது. 2016 டிசம்பரில் தமிழ்நாட்டில் தபால்காரர் வேலைக்கு ஒரு பரீட்சை நடந்தது. 2017 மார்ச்சில் முடிவு வெளியாயிற்று. பார்த்தால், ஹரியானாவிலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வந்தவர்கள் தமிழ்ப் பகுதியில் அபார மதிப்பெண் பெற்றிருந்தார்கள்! தமிழ் இலக்கணத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளைத் தோற்கடித்து விட்டார்கள். தொல்காப்பியம் வடக்கே போய் விட்டதோ என்று ஆச்சரியப்பட்டவர்கள், பிறகு பரீட்சையில் மோசடி நடந்தது என்று கூச்சல் எழுப்பினார்கள். முடிவு ரத்தாயிற்று. தபால்காரருக்கு இலக்கண விதிகள் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் என்ன? "கருப்பசாமி கோயிலுக்குப் பின்னாலே, மூன்றாவது சந்து, வேப்ப மரத்து வீடு" என்று கிழவி சொன்னால் புரிய வேண்டும். மணியார்டர் பாரத்தில் அவள் பெயரைப் பிழையின்றி எழுத வேண்டும். இதற்கு ஐந்து நிமிஷம் நேரில் பேச விட்டால் போதும். காகிதத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பாஷை தெரியாமையால் வருவது பஸ் கூலி நஷ்டத்தோடு நின்று விடுவதும் இல்லை. 2019 மே மாதத்தில், தேனிக்குப் பக்கத்து ஜில்லாவில், திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் எதிரும் புதிருமாக வரத் தலைப்பட்டன. நல்ல வேளையாக நிறுத்தப்பட்டன. இரு ஸ்டேஷன் மாஸ்டர்களும் பேசிக் கொண்டதில் நேர்ந்த பாஷைக் குழப்பம் அதற்கு ஒரு காரணம் என்று சொல்லப்பட்டது. இதற்குத் தெற்கு ரயில்வே கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? ஜூன் மாதம் ஒரு சுற்றறிக்கை விட்டது. அதிகாரிகள் இனி இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ பேச வேண்டும், பிராந்திய பாஷையைத் தவிர்க்க வேண்டும் என்றது! வந்தவர் தமிழ் கற்பதற்குப் பதில், இருப்பவர் தமிழை மறக்க வேண்டுமாம். எதிர்ப்புக் கிளம்பிய சில நாளிலேயே சுற்றறிக்கை வாபஸாயிற்று. பாங்குகளின் கதையும் இந்த ரகத்தில்தான் இருந்து வந்தது. 2022 செப்டம்பரில் மத்திய நிதி மந்திரியே பாங்கர்கள் மகாநாட்டில், வட்டார பாஷை பேசத் தெரிந்தவர்களைக் கிளைகளில் அமர்த்துங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. பணம் போட வருகிறவனுடைய பாஷையைப் பேச வேண்டும் என்பது நம் செட்டியார்களுக்கு யாரும் மகாநாடு கூட்டிச் சொல்லித் தெரிந்த சங்கதியா?

இப்போது மலையேறிப் பார்ப்போம்.

தேனி ஜில்லாவிலிருந்து கேரளத்துக்கு ஏறும் பாதைகளில் முக்கியமானவை மூன்று: குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு. விடியுமுன்னே கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்புகள் கிளம்பி, ஏலத் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக் கொண்டு போகின்றன. பொழுது சாயும்போது இறக்குகின்றன. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் 1956-இல் கேரளத்தோடு சேர்ந்தன. 1972-இல் இடுக்கி ஜில்லா உண்டாயிற்று. எல்லைக்கோடு காகிதத்தில் விழுந்தது. ஆனால் ஏலக்காயும் தேயிலையும் பறிக்கிற கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகளாகவே இருந்து வந்தன. ஏலக்காயை விற்பதற்கு ஸ்பைசஸ் போர்டார் நடத்துகிற மின்னணு ஏல நிலையங்கள் இரண்டில் ஒன்று இடுக்கியில் புற்றடியில் இருக்கிறது; மற்றொன்று நம் போடிநாயக்கனூரில். அங்கே வியாபாரிகள் தமிழிலிருந்து மலையாளத்துக்கும் மலையாளத்திலிருந்து தமிழுக்கும் தாவுகிற வேகத்தைப் பார்த்தால் எந்தச் சர்வகலாசாலைக்கும் பொறாமை உண்டாகும். யாரும் அவர்களிடம் சர்டிபிகேட் கேட்டதில்லை. கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைந்து விடுமே என்கிற பயமே அவர்களுக்கு வாத்தியார்.

பள்ளத்தாக்கிலேயே வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களும் கன்னடம் பேசுகிறவர்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். திண்ணையைத் தாண்டியதும் அவர்கள் பேச்சு தமிழாகி விடும். இரண்டு பாஷை என்பது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பழகிப் போன சமாசாரம். அப்படிப்பட்ட ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் இடுக்கி ஜில்லாவில் ஓர் உத்தியோகம் உண்டு. நேயர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கேரள சர்வீஸ் கமிஷன் "தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர்" என்று தனியே ஒரு பதவிக்கு விண்ணப்பம் கோருகிறது. காஸர்கோட்டில் இதே மாதிரி கன்னடமும் மலையாளமும் அறிந்தவர்களைக் கேட்கிறார்கள். தமிழர், கன்னடியர் ஆகிய சிறுபான்மையோர் தம் பாஷையிலேயே சர்க்காருக்கு எழுதலாம் என்று அந்த மாநிலத்தின் 1969-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. எழுதினால் படிப்பதற்கு ஆள் வேண்டும் அல்லவா?

இரு பாஷை கேட்கிற விளம்பரங்களில் இதைப் போல் நமக்குத் திருப்தி அளித்தது வேறொன்றில்லை. 2020 ஆகஸ்டு மாதத்தில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது பேர் மாண்டார்கள். அநேகமாக எல்லோரும் தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பத்தார். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் மிஞ்சியவர், இறந்தவர் யார், உறவு என்ன, எந்த லயத்தில் இருந்தார் என்று தாலுகா ஆபீஸில் சொல்ல நேர்ந்தால், அதைத் தமிழில் கேட்டு மலையாளத்தில் எழுத ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு எவரும் தம் குறையை மாநிலத்தில் வழங்கும் எந்தப் பாஷையிலும் விண்ணப்பிக்கலாம் என்கிறது. அந்தப் பிரிவுக்கு உயிர் கொடுப்பவர் இந்த எழுத்தர்தாம். அந்த ஸ்தானத்துக்குத் தமிழ் மட்டும் தெரிந்த நம் கம்பத்துப் பையன், "நான் தமிழன், எனக்கு ஏன் மலையாளம்?" என்று கேட்டால் நாம் அவன் பக்கம் பேச மாட்டோம். தேனியில் எந்த நியாயத்தைச் சொன்னோமோ அதே நியாயத்தைக் குமுளியிலும் சொல்லத்தானே வேண்டும்?

பழைய கதை ஒன்றும் நினைவுக்கு வருகிறது. இந்த நாட்டில் உத்தியோகத்துக்கு வேற்றுப் பாஷை கட்டாயம் என்று வெள்ளைக்காரனும் சட்டம் செய்தான். அதுவும் வெள்ளைக்காரனுக்கே செய்தான்! 1812-இல் சென்னையில் கோட்டைக் கல்லூரி ஏற்பட்டது. எல்லிஸ் துரை அதை நடத்தியவர்களில் முக்கியமானவர். சீமையிலிருந்து வந்திறங்கிய இளம் சிவிலியன்கள் அங்கே தென்னாட்டுப் பாஷைகளைப் படித்துப் பரீட்சை கொடுத்த பிறகே ஜில்லாக்களுக்குப் போக வேண்டும். நன்றாய்த் தேறினால் சம்பளத்துக்கு மேல் வெகுமதி. நம்மை ஆளுவதற்கு நம் பாஷை வேண்டும் என்று கண்டு கொண்டவர்கள், நமக்கு உத்தியோகம் கொடுக்க இங்கிலீஷ் வேண்டும் என்றார்கள் என்பது வேறு விஷயம்.

தேயிலைத் தோட்டத்துச் சின்னத் துரைமாரும் தமிழ் கற்றார்கள். இலங்கையில் அவர்களுக்கென்று அச்சிட்ட ஒரு கையடக்கத் தமிழ்ப் புத்தகத்தின் பெயரே "இங்கே வா!" என்பது. பெயரிலேயே பாடத்திட்டம் முழுவதும் அடங்கி விட்டது. "இங்கே வா", "அங்கே போ" என்று ஏவுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு தமிழ். கூலிக்காரி என்ன பதில் சொல்கிறாள் என்று கேட்கிற தமிழ் இதில் சேர்ந்ததா என்பது சந்தேகம். இன்றைக்கு இடுக்கித் தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். கங்காணி வேலை பார்க்கிறவர்கள் ஹிந்தி பழகிக் கொள்ள வேண்டியதாயிற்று. நம்மவர் அந்த ஹிந்தியை "இங்கே வா" பாடத்தோடு நிறுத்தி விடாமல், வந்தவன் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் புரிகிற அளவுக்காவது கற்க வேண்டும். தோட்டத்தில் ஏச்சுக் கேட்ட பாட்டன்மாரின் பேரன்கள் நாம்.

பிற தேசங்களிலும் இது தீராத வழக்காகவே இருக்கிறது. அமெரிக்காவில் மயாமி முதலிய தென்கோடி நகரங்களில் வேலை விளம்பரம் என்றால் இங்கிலீஷோடு ஸ்பானிஷும் தெரிய வேண்டும் என்று கேட்பது வழக்கமாகி விட்டது. கியூபாவிலிருந்து வந்தவர்கள் நிறைந்த அந்த ஜில்லாவில் 1980-இல் ஜனங்கள் வோட்டுப் போட்டு, சர்க்கார் காரியம் இங்கிலீஷில்தான் நடக்க வேண்டும் என்று விதி செய்தார்கள்; 1993-இல் அந்த விதியே போய் விட்டது. இங்கிலீஷ் மட்டும் தெரிந்த பழைய குடிகளுக்கு, சொந்த ஊரிலேயே வேலை மறுக்கப்படுகிறதே என்று மனத்தாங்கல். அது நமக்கு விளங்காத மனத்தாங்கல் அல்ல. ஏனென்றால் மலேசியாவில் நம் தமிழ்ப் பிள்ளைகள் அதையேதான் அனுபவிக்கிறார்கள். வீட்டிலே தமிழ், பள்ளியிலே மலாய், அதோடு இங்கிலீஷ் என்று மூன்று பாஷைகளைச் சுமந்து கொண்டு போய் நிற்கிறவனிடம், "மாண்டரின் தெரியுமா?" என்கின்றன பல தனியார் கம்பெனிகள். சீன வாடிக்கைக்காரர்களிடம் பேச வேண்டிய வேலை என்றால் சரி. கணக்கு எழுதுகிறவனுக்கும் சரக்கு எண்ணுகிறவனுக்கும் மாண்டரின் எதற்கு? வேறு ஜாதியார் உள்ளே வர வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி அது என்று அங்குள்ள தமிழர்கள் சொல்லுகிறார்கள்.

சிங்கப்பூரில் இதற்கு ஒரு நல்ல முறை வகுத்தார்கள். பாஷை கேட்டு விளம்பரம் செய்கிறவர், அந்த வேலைக்கு அந்தப் பாஷை ஏன் வேண்டியிருக்கிறது என்று விளம்பரத்திலேயே காட்ட வேண்டும் என்பது அங்கே நியாயமான வேலை நியமனத்துக்கான வழிகாட்டி விதி. சீனப் பிரயாணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டிக்கு மாண்டரின் கேட்கலாம். காரணம் சொல்ல முடியாத வேலைக்குக் கேட்கலாகாது. கனடாவில் வேறொரு மாதிரி. இங்கிலீஷும் பிரெஞ்சும் தெரிந்திருக்க வேண்டிய மத்திய சர்க்கார் பதவிகளில், தேறியவர்களுக்கு வருஷத்துக்கு 800 டாலர் தனியாகக் கொடுக்க 1977-இல் ஏற்பாடு செய்தார்கள். தொகை பெரிதல்ல. ஆனால் இரண்டாவது பாஷை என்பதும் ஒரு வேலை, வேலைக்குக் கூலி உண்டு என்று ஒப்புக் கொண்டார்களே! கோட்டைக் கல்லூரிக்காரர்கள் கூட ஒப்புக் கொண்டதுதான் அது. குமுளியில் பிரயாணிகளுக்கு மிளகும் ஏலக்காயும் விற்கிற பெண், மலையாளத்தில் முதலாளியிடமும், தமிழில் சுமைக்காரரிடமும், இங்கிலீஷில் துரைசானியிடமும், ஹிந்தியில் குஜராத்திக் குடும்பத்தினிடமும் மாறி மாறிப் பேசுகிறாள். நாலு பாஷைக்கு அவளுக்கு நாலு காசு கூடக் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

நம் ஊர்த் தனியார் முதலாளிகளிடம் இந்தச் சிங்கப்பூர் விதியைக் காட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கிறோம். மதுரையிலும் கோயம்புத்தூரிலும், "சரளமாக இங்கிலீஷ் பேச வேண்டும்" என்று கேட்காத விளம்பரம் அபூர்வம். நாள் முழுவதும் தமிழரோடு தமிழில் பேசி ஜவுளி விற்பவருக்கும் இங்கிலீஷ், ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுப்பவருக்கும் இங்கிலீஷ். நோயாளிக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று யாரும் விசாரிப்பதில்லை. ஆண்டிபட்டிப் பள்ளியில் தமிழில் படித்து முதல் வகுப்பில் தேறிய பெண், நேர்முகப் பரீட்சையில் மூன்று இங்கிலீஷ் வாக்கியத்தில் திணறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மின்வாரியத்து உத்தியோகஸ்தரிடம் தமிழ் கேட்டதைக் கொடுமை என்பவர்கள் இந்தப் பெண்ணிடம் இங்கிலீஷ் கேட்பதைத் திறமை என்கிறார்கள். தமிழ் கேட்டதற்கு விவசாயியின் மனு என்று ஒரு காரணம் இருந்தது. இதற்கு என்ன காரணம் என்று விளம்பரம் செய்கிற முதலாளிகள் ஒரு வரி எழுதிக் காட்டட்டும்.

வெளி மாநிலங்களில் இருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வருஷக் கெடுவுக்குள் எழுத வேண்டிய பாஷைப் பரீட்சையைச் சர்வீஸ் கமிஷன் இலாகாப் பரீட்சைகளோடு சாதாரணமாக வருஷத்தில் இரண்டு முறை, மே மாதத்திலும் டிசம்பரிலும், நடத்துகிறது. அதில் எழுத்தும் உண்டு, வாய்மொழியும் உண்டு. 2001-இல் ஏற்பட்ட தமிழ் இணையக் கல்விக் கழகத்தில் அரிச்சுவடியிலிருந்தே படிக்கலாம். டெல்லியிலிருந்தாலும் துபாயிலிருந்தாலும் பாடம் வீடு தேடி வரும். பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்து இங்கிலீஷில் பத்திரிகை படிக்கிற வயசு வந்த பிறகு தொடங்கினால் அவனுக்கு வெட்கமாயிருக்கும். எட்டு வயசில் தொடங்கினால் பாட்டிக்கு மாதம் ஒரு கடிதம் எழுதச் சொன்னாலே பாதிப் பாடம் முடிந்து விடும். பாட்டியிடமிருந்து பதில் கடிதம் வரும்; அதைப் படிக்காமல் அவனால் இருக்க முடியாது.